முக்காற்புள்ளியுள் தொக்கு நிற்பன: சொல்லொப்புமை வினாக்களும் வேற்றுமைப் பொருளும்

ஆய்வுச் சுருக்கம்

சொல்லொப்புமை வினாவில் இரு சொற்களுக்கிடையே நிற்கும் முக்காற்புள்ளி தமிழிலக்கணம் கூறும் தொகைநிலைக்கு நிகரானது. அவ்வினாவுக்கு விடை காண்பது தொகையை விரிப்பதாகும். இக்கருத்தை நன்னூல், தொல்காப்பியம் ஆகியவற்றின் வேற்றுமைப் பொருட்பாகுபாடுகளைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. ஒன்றுக்கு மேற்பட்ட விடைக்கு இடந்தரும் வினாக்கள் எங்ஙனம் தோன்றுகின்றன என்பதையும் மரபியல் நூற்பாக்களின் துணைகொண்டு ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ஒப்புமை, தொகை, விரி, வேற்றுமைப் பொருள், தற்கிழமை, முதற்கருவி, மரபியல்.

தொக்குழி மயங்கல்

'முல்லை : மாலை' என்னும் சொல்லிணையை எடுத்துக்கொள்வோம். இவ்விரு சொற்களுக்கும் உள்ள தொடர்பு யாது? முல்லைத் திணைக்குரிய சிறுபொழுது மாலை என்று ஒருவர் கூறலாம். முல்லைப்பூவால் தொடுக்கப்பட்டது மாலை என்று மற்றொருவர் கூறலாம். இருவர் கூற்றும் பொருந்தும். முதல்வர் 'முல்லை' என்பதைத் திணைப் பெயராகவும் 'மாலை' என்பதைப் பொழுதின் பெயராகவும் கொண்டார். இரண்டாமவர் முல்லையைப் பூவுக்கு ஆகிவந்த பெயராகவும் மாலையைத் தொடையலாகவும் கொண்டார். எது வினாவின் கருத்து என்பதை இவ்விணையை மட்டும் நோக்கித் துணிய இயலாது. 'முல்லை : மாலை :: குறிஞ்சி : யாமம்' என்று அமைந்தால் முதற்பொருள் துணியப்படும். 'முல்லை : மாலை :: பொன் : வளையல்' என்று அமைந்தால் இரண்டாம் பொருள் துணியப்படும்.

இந்நிலை தமிழிலக்கணத்திற்குப் புதியதன்று. தொகைச்சொற்கள் விரியுமிடத்து இரண்டு முதல் ஏழு வரை பொருள்படுதல் உண்டு என்று நன்னூலார் விதி வகுத்துள்ளார். ஏழு பொருள்படுவதற்குச் 'சொல்லிலக்கணம்' என்னும் தொடரை உரைகள் எடுத்துக்காட்டும். சொல்லினது இலக்கணம், சொல்லுக்கு இலக்கணம், சொல்லின்கண் இலக்கணம் என்றவாறு அத்தொகை பலவாக விரியும். எது கொள்ளத்தக்கது என்பதை அது வந்த இடம் உணர்த்தும்.

ஒப்புமை வினாவிலும் நிகழ்வது இதுவே. முக்காற்புள்ளி, உருபையும் அவ்வுருபின் பொருளை முடிக்கும் சொல்லையும் ஒருசேர மறைத்து நிற்கிறது. 'பொன் : வளையல்' என்பது 'பொன்வளையல்' என்னும் தொகைக்கு நிகர். இரண்டும் 'பொன்னால் ஆகிய வளையல்' என்றே விரியும். இலக்கணம் இதனை மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை என்னும். ஆகவே ஒப்புமை வினாவைத் தீர்ப்பது முதலிணையை விரித்து, அவ்விரியின் உருபும் பயனும் மாறாமல் இரண்டாமிணையை நிரப்புவதாகும். தொகைக்குச் சூழல் செய்யும் பணியை இங்கு இரண்டாமிணை செய்கிறது.

நால்வகை உறுப்பும் வந்த வழியும்

நான்கு உறுப்புகளைக் கொண்ட இவ்வமைப்பு கிரேக்கர் கணிதத்தில் விகிதச் சமத்தைக் குறித்து வழங்கியது. அரிஸ்டாட்டில் தம் கவிதையியலில் இதனை உருவகத்திற்கு எடுத்தாண்டார். டயனைசஸுக்குக் கிண்ணம் எப்படியோ அப்படி ஏரிஸுக்குக் கேடயம். வாழ்வுக்கு முதுமை எப்படியோ அப்படிப் பகலுக்கு மாலை என்பன அவர் காட்டியவை. கிண்ணமும் கேடயமும் தம்முள் ஒத்திருக்க வேண்டும் என்பது இங்குத் தேவையில்லை. அவற்றை உடையாரோடு அவை கொண்ட தொடர்பே ஒத்திருக்கிறது. வினை, பயன், மெய், உரு என்னும் நான்கன் வழித் தொல்காப்பியர் வகுத்த உவமம் பொருளோடு பொருளை ஒப்பிடுவது. சொல்லொப்புமை தொடர்போடு தொடர்பை ஒப்பிடுவது. தேர்வெழுதுவோர் பலர் தவறான விடையை நோக்கி ஈர்க்கப்படுவதற்கு இவ்விரண்டையும் ஒன்றாகக் கொள்வது முதன்மையான காரணம் எனலாம். முதலிணையில் உள்ள சொல்லோடு தோற்றத்தால் ஒத்த சொல்லை அவர்கள் தேடுகிறார்கள்.

இருபதாம் நூற்றாண்டில் இவ்வமைப்பு அறிவுத்திறன் தேர்வுகளுக்குள் புகுந்தது. அமெரிக்காவில் மில்லர் ஒப்புமைத் தேர்வு 1926இல் வெளிவந்தது. அந்நாட்டுக் கல்லூரி நுழைவுக்குரிய ஸாட் தேர்வில் நெடுங்காலம் இடம்பெற்றிருந்த ஒப்புமை வினாக்கள் 2005இல் நீக்கப்பட்டன. ஓட்டக்காரருக்கு மாரத்தான் எப்படியோ அப்படித் துடுப்பு வலிப்பவருக்கு ரெகாட்டா என்னும் படகுப்போட்டி என்பதை விடையாகக் கொண்ட வினா அத்தேர்வைக் குறைகூறுவோர் பலகாலும் சுட்டிய ஒன்று. செல்வர் குடும்பத்துப் பிள்ளைகளுக்கே அப்போட்டியின் பெயர் பழக்கமாகியிருக்கும். எனவே வினா அளந்தது தொடர்பறியும் திறனையன்று என்பது அவர்தம் வாதம். தமிழ் வினாக்களுக்கும் இவ்வாதம் பொருந்தும் இடமுண்டு; அது பின்னர்க் காட்டப்படும்.

உருபு காட்டும் வழி

தமிழில் வழங்கும் பயிற்சி நூல்கள் பெரும்பாலும் ஆங்கில நூல்களின் வகைப்பாட்டையே பின்பற்றி, ஒருபொருட்சொல், எதிர்ச்சொல், முழுமையும் பகுதியும், காரணமும் காரியமும், தொழிலாளியும் கருவியும் எனப் பட்டியல் இடுகின்றன. பட்டியலை மனனம் செய்தவர் புதிய தொடர்பு ஒன்று வந்தால் திகைப்பர். வேற்றுமைப் பொருளைக் கொண்டு அணுகுவோர்க்கு இத்திகைப்பு குறைவு. சொற்கள் தம்முள் கொள்ளும் தொடர்பை உருபின் வழியே உணர்த்துவது தமிழின் இயல்பாதலின், தொடர்பைக் கூறும் வாக்கியத்தை அமைக்கும்போதே உருபு தானாக வந்து நிற்கும்.

ஆறாம் வேற்றுமையை நோக்குக. தற்கிழமையைப் பண்பு, உறுப்பு, ஒன்றன் கூட்டம், பலவின் ஈட்டம், திரிபின் ஆக்கம் என ஐந்தாக நன்னூல் பகுக்கிறது. பிறிதின் கிழமை வேறு. 'முழுமையும் பகுதியும்' என்று பயிற்சி நூல்கள் ஒரே தலைப்பில் அடக்குவனவற்றை இப்பாகுபாடு துல்லியமாகப் பிரித்துவிடுகிறது. உடலினது கை உறுப்பு. நெல்லினது குவியல் ஒன்றன் கூட்டம். விலங்குகளது கூட்டம் பலவின் ஈட்டம். மஞ்சளது பொடி திரிபின் ஆக்கம். 'நெல் : பொரி' என்னும் முதலிணைக்கு 'மஞ்சள் : பொடி' பொருந்தும்; 'நெல் : குவியல்' என்பதற்கு அது பொருந்தாது. நெல்லும் மஞ்சளும் விளைபொருள் என்பது பற்றி இரண்டையும் பொருத்த முனைவோர் திரிபு நிகழ்ந்ததா என்பதைக் கேட்டுப் பார்த்தால் போதும்.

'மலை : சிகரம் :: மரம் : ___' என்னும் வினாவுக்குக் கூடு, கிளை, வேர், நுனி என நான்கு விடைகள் தரப்பட்டுள்ளன எனக் கொள்வோம். 'மலையினது சிகரம்' என விரித்தவுடன் கூடு நீங்கும். அது மரத்திற்குப் பிறிதின் கிழமை. எஞ்சிய மூன்றும் உறுப்பே. விரியை இன்னும் நெருக்க வேண்டும். 'மலையின் உச்சியாகிய உறுப்பு சிகரம்' என்று கூறினால் வேரும் கிளையும் விலகி, நுனி நிற்கும். உருபு வாயிலைக் காட்டுகிறது; உள்ளே செல்வதற்குப் பயன் வேண்டும் என்பதற்கு இது சான்று.

இதனினும் நுட்பமானது மூன்றாம் வேற்றுமை. 'தச்சன் : மரம் :: குயவன் : ___' என்னும் வினாவில் பானை, மண், திகிரி, சூளை என்னும் நான்கும் குயவனோடு தொடர்புடையனவே. சூளை இடம், பானை செயப்படுபொருள். மண்ணும் திகிரியும் ஆல் உருபையே ஏற்கும்: மண்ணால் வனைந்தான், திகிரியால் வனைந்தான். உருபு ஒன்றாயினும் பொருள் வேறு என்பதை உணர்ந்த உரையாசிரியர்கள் கருவியை முதற்கருவி, துணைக்கருவி என இரண்டாக்கினர். செய்து முடித்த பொருளில் நீங்காது நிற்பது முதற்கருவி; பொருள் முடிந்ததும் விலகி நிற்பது துணைக்கருவி. பானையில் மண் நிற்கிறது, திகிரி நிற்கவில்லை. நாற்காலியில் மரம் நிற்கிறது, உளி நிற்கவில்லை. எனவே விடை மண். முதலிணை 'தச்சன் : உளி' என்றிருந்தால் விடை திகிரியாகும். பயிற்சி நூல்களின் 'தொழிலாளியும் கருவியும்' என்னும் தலைப்பு இவ்வேறுபாட்டை உணர்த்தப் போதாது. பல நூற்றாண்டுகளுக்கு முற்பட்ட உரைமரபு உணர்த்துகிறது.

உருபு ஒன்றாக இருந்து பயனால் வேறுபடும் இடங்களே தேர்வுகளில் மிகுதியும் பொறியாக வைக்கப்படுகின்றன. மீனுக்குச் செதிளும் உறுப்பு, துடுப்பும் உறுப்பு. 'மீன் : செதிள் :: பறவை : ___' என்றால் மீனின் உடலைப் போர்த்தது செதிள், பறவையின் உடலைப் போர்த்தது இறகு என விரியும். 'மீன் : துடுப்பு :: பறவை : ___' என்றால் மீன் துடுப்பால் இயங்கும், பறவை சிறகால் இயங்கும் என விரியும். பேச்சு வழக்கில் இறகும் சிறகும் மயங்கி வழங்குவதால், வினாவமைப்போர் இரண்டையும் ஒருங்கே விடைத்தெரிவுகளில் வைப்பர். விரியை முழு வாக்கியமாக எழுதிப் பார்க்கும் பழக்கமுடையவர் இதில் தடுமாறார்.

பயனின் இன்றியமையாமையைத் தொல்காப்பியம் வேறொரு வகையில் காட்டுகிறது. இரண்டாம் வேற்றுமைக்கு ஆக்கல், அழித்தல், அடைதல், நீத்தல், ஒத்தல், உடைமை என 6 பொருள்களை நன்னூல் கூறும். தொல்காப்பியர் காப்பு முதல் சிதைப்பு ஈறாக 28 பொருள்களை அடுக்குகிறார். நன்னூலாரின் தொகுப்பு கற்பதற்கு எளிது. ஆயினும் ஒப்புமை வினாவை அமைப்போர்க்குத் தொல்காப்பியரின் விரிவே பயன்படும் என்பது இக்கட்டுரையாளர் கருத்து. 'அறுத்தல்', 'குறைத்தல்' என இரண்டையும் அவர் தனித்தனியே எண்ணியிருப்பது வீண் பெருக்கமன்று. 'அரிவாள் : நெல்' என்பதில் நெல்லை அறுத்தல் உண்டு, 'கோடரி : கிளை' என்பதில் கிளையைக் குறைத்தல் உண்டு. இரண்டையும் 'வெட்டுதல்' என்று பொதுமைப்படுத்தினால் விடைகள் பெருகும்.

உருபை அளவிறந்து நம்பலாகாது என்பதும் இங்குச் சொல்லத்தக்கது. ஒரு தொடர்பு இரண்டு உருபுகளால் விரிதலும் உண்டு. மரத்தினது கிளை எனினும் மரத்தின்கண் கிளை எனினும் கிளை தற்கிழமையே. ஏழாம் வேற்றுமையும் தற்கிழமை, பிறிதின் கிழமை என்னும் இருபிரிவு உடையது. மணியின்கண் ஒளி தற்கிழமை. பனையின்கண் அன்றில் பிறிதின் கிழமை. உருபு மயங்கும் இடத்தில் கிழமையைக் கேட்டறிவது தக்கது.

வேற்றுமை அல்லாதன

எல்லா இணைகளும் வேற்றுமையாக விரிவதில்லை. 'ஞாயிறு : பரிதி :: திங்கள் : மதி' என்பதில் உருபுக்கு இடமில்லை. 'பலா : மரம்' இருபெயரொட்டுப் போன்றது, சிறப்புப் பெயர் பொதுப்பெயருள் அடங்குகிறது. 'களிறு : பிடி :: கடுவன் : மந்தி' என்பது களிறும் பிடியும், கடுவனும் மந்தியும் என எண்ணும்மையாக விரியும். இவற்றை அல்வழி இணைகள் எனலாம். வேற்றுமை இணைக்கும் அல்வழி இணைக்கும் நடைமுறையில் ஒரு வேறுபாடு உண்டு. ஒருபொருட்சொல்லும் எதிர்ச்சொல்லும் இடம் மாறினும் தொடர்பு கெடுவதில்லை. வேற்றுமை இணையில் இடமாற்றம் விடையைப் பிழையாக்கிவிடும். 'பொன் : வளையல்' என்பதற்கு 'பானை : மண்' ஒப்பாகாது. 'பலா : மரம்' போன்ற அடக்க இணைகள் அல்வழியாயினும் இடமாற்றத்தைத் தாங்கமாட்டா. எண்ணும்மையாக விரிந்தும் பால் வரிசை கொண்ட இணைகளும் அத்தகையன. 'களிறு : பிடி' என்பதில் ஆண்பால் முன்னிற்பதால் 'மந்தி : கடுவன்' ஏற்கத்தக்கதன்று.

அளவால் வேறுபடும் 'தூறல் : அடைமழை :: தென்றல் : புயல்' போன்றவற்றை எதிர்ச்சொல் என்று தவறாகக் கருதுவோர் உளர். ஐந்தாம் வேற்றுமையின் ஒப்புப் பொருளில் உறழ்பொருவையும் அடக்குவது உரைமரபு. தூறலின் மிக்கது அடைமழை, தென்றலின் மிக்கது புயல் என விரித்தால் ஐயம் தீரும்.

விடை பலவாதல்

இதுவரை கூறியன விடை காண்போர் நோக்கில் அமைந்தவை. இனி வினா அமைப்போர் நோக்கு. ஒரு மதிப்பெண் வேறுபாட்டில் பணிவாய்ப்பு இழக்கப்படும் தேர்வுகளில், இரண்டு விடைக்கு இடந்தரும் வினா ஒரு சிறு பிழையாகாது. தமிழில் இத்தகைய பிழை மிகுதியும் நேருமிடம் மரபுச்சொற்கள்.

'சிங்கம் : குருளை :: புலி : ___' என ஒரு வினாவையும், பறழ், குட்டி, குருளை, கன்று என விடைத்தெரிவுகளையும் அமைத்துக்கொள்வோம். பள்ளிப் பாடநூல் மரபில் பயின்றோர் தயங்காமல் 'பறழ்' என்பர். சிங்கக்குருளை, புலிப்பறழ் என்றே அவர்கள் பயின்றுள்ளனர். தொல்காப்பிய மரபியலைக் கற்றவர் தயங்குவார். நாய், பன்றி, புலி, முயல் ஆகிய நான்கன் இளமையைக் குருளை என்று மரபியல் கூறுகிறது. நரியையும் அவற்றோடு சேர்க்கிறது. குட்டி, பறழ் என்னும் பெயர்களும் அவற்றுக்கு விலக்கப்படுவதில்லை. நாய் நீங்கலாகப் பிள்ளை என்னும் பெயரும் உண்டு. ஆகத் தரப்பட்ட நான்கனுள் மூன்று விடைகள் தொல்காப்பியத்தின்படி சரியானவை. கன்று ஒன்றே பிழை. அன்றியும் முதலிணையில் குருளைக்குரியதாகக் காட்டப்பட்ட சிங்கம் அந்நூற்பாவின் பட்டியலிலேயே இல்லை. வினாவின் அடிப்படை பிற்கால வழக்கு. அவ்வழக்கு எதுவென்று வினா சொல்லவில்லை. மிகுதியாகக் கற்றவர் மிகுதியாக ஐயுறும் வினா எதனை அளக்கிறது?

இது ஒரு விலங்கோடு நிற்பதன்று. குதிரையின் இளமைக்கு மறி, கன்று என்னும் இரண்டும் மரபியலில் உண்டு. ஆடு, நவ்வி, உழை, புல்வாய் ஆகியவற்றோடு மறியில் வைக்கப்பட்ட குதிரை, யானை, கழுதை, கடமை, மான் ஆகியவற்றோடு கன்றிலும் வைக்கப்பட்டுள்ளது. யானைக்குக் கன்றோடு குழவியும் உரியது. குரங்குக்கோ குட்டி, மகவு, பிள்ளை, பறழ், பார்ப்பு என ஐந்து பெயர்கள். ஆண்பாற் பெயர்களிலும் இத்தகைய இடம் உண்டு. களிறு யானைக்குச் சிறந்தெடுத்து உரியதாயினும் பன்றிக்கும் விலக்கப்படவில்லை. மரபியல் ஒன்றுக்கு ஒன்று என்னும் பொருத்தத்தை வகுக்கவில்லை. எவ்வெப்பெயர் எவ்வெவ்வுயிர்க்குச் செல்லும் என்னும் எல்லையையே வகுக்கிறது. அதனை 'ஒன்றுக்கு ஒன்று' என்னும் அட்டவணையாகச் சுருக்கியது பிற்காலக் கல்விமுறை. சுருக்கம் கற்பித்தலுக்கு வேண்டப்படுவது. அதனையே அளவுகோலாக்குவது வேறு.

திணைசார்ந்த வினாக்களிலும் இதே இடர் உண்டு. 'முல்லை : காடு :: பாலை : ___' என்பதற்குப் பாடநூல்வழி மணல் சார்ந்த நிலம் விடையாகும். தொல்காப்பியமோ முல்லை, குறிஞ்சி, மருதம், நெய்தல் ஆகிய நான்கனுக்கே நிலம் வகுக்கிறது. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்னும் சிலப்பதிகாரக் கருத்தைக் கொண்டால் விடை மேலும் வேறாகும். இங்கு அளக்கப்படுவது தொடர்பறியும் திறனா, எந்நூலைக் கற்றார் என்பதா? ரெகாட்டா பற்றி எழுப்பப்பட்ட வினா இங்கும் எழுகிறது. இலக்கிய அறிவை அளக்க விரும்பினால் அதனை நேரடி வினாவாகக் கேட்பதில் தடையில்லை. தொடர்பறியும் திறனை அளப்பதாகக் கூறிக்கொண்டு நூலறிவை மறைமுகமாகக் கேட்பதே ஏற்புடையதன்று.

இவ்விடருக்குத் தீர்வு கடினமானதன்று. வினா அமைப்போர் ஒவ்வொரு வினாவுக்கும் அருகில் அதன் விரியை உருபும் பயனும் வெளிப்பட ஒரு வாக்கியமாக எழுதிவைக்கலாம். பின்னர் நான்கு விடைத்தெரிவுகளையும் அவ்வாக்கியத்தில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்கலாம். இரண்டு நின்றால் வாக்கியத்தை நெருக்க வேண்டும். நெருக்கியும் இரண்டு நின்றால் தெரிவை மாற்ற வேண்டும். வாக்கியமே அமையாத வினாவைக் கைவிடுவது நன்று. விடைக்குறிப்போடு விரியையும் வெளியிட்டால், தேர்வெழுதியோர் விடையை மறுக்க நேர்கையில் எதனை மறுக்கிறோம் என்பதும் தெளிவாகும். மரபுச்சொல் வினாக்களுக்கு மட்டும் கூடுதலாக ஒன்று வேண்டும்: அடிப்படை நூலோ வழக்கோ வினாவிலேயே சுட்டப்படுதல்.

இம்முறையை ஓர் எடுத்துக்காட்டால் சோதிக்கலாம். ஓரறிவுயிர்க்குப் பிள்ளை, குழவி, கன்று, போத்து என்னும் இளமைப் பெயர்கள் உரியன என்றும், நெல்லும் புல்லும் அவற்றைப் பெறா என்றும் மரபியல் கூறுகிறது. 'தென்னை : பிள்ளை :: பனை : ___' என்னும் வினாவில் வடலி, கன்று, நாற்று, குருத்து என்பன தெரிவுகளாயின், 'தென்னையின் இளமைப் பெயர் பிள்ளை' என்பது விரி. குருத்து உறுப்பாதலின் நீங்கும். நாற்று நெல்லுக்குரியதாதலின் நீங்கும். வடலி பனைக்கே உரிய வழக்குச்சொல். கன்று மரபியல் இசைவு பெற்ற பொதுச்சொல். இரண்டும் நிற்கின்றன. 'தமக்கே உரிய வழக்குப் பெயர்' என்று விரியை நெருக்கினாலும் பயனில்லை. பிள்ளை தென்னைக்கே உரியதன்று, கீரிக்கும் அணிலுக்கும் வருவது. எனவே தெரிவுகளுள் கன்றை நீக்கி மடல் என்பதை இட்டால் வினா நேராகும்.